ஒரு இசைத்தொகுப்பு, ஒரு புத்தகம், ஒரு படம்: நீங்கள் திரும்பத் திரும்பப் போனதை மட்டும் சொல்லுங்கள்

ஓசூர்_ஷிப்ட்

எல்லோருக்கும் வணக்கம். வேலைக்காக ஓசூர் வந்து நாலு மாதம் ஆகிறது. ஒரு வாரம் பகல் ஷிப்ட், ஒரு வாரம் இரவு ஷிப்ட். அறையில் தனியாக இருக்கிறேன். டிவி கிடையாது, பழைய லேப்டாப் ஒன்றும் ஹெட்போனும் உண்டு. போனைத் திறந்தால் "கட்டாயம் பார்க்க வேண்டிய 100 படங்கள்", "கட்டாயம் படிக்க வேண்டிய 50 நாவல்கள்" என்று வந்துகொண்டே இருக்கிறது. ஒன்றைத் தொடங்கினால் பாதியில் அடுத்த பட்டியல் வந்துவிடுகிறது, கடைசியில் எதுவுமே மனதில் நிற்பதில்லை. அதனால் பட்டியல் வேண்டாம். ஒருவர் ஒரு இசைத்தொகுப்பு, ஒரு புத்தகம், ஒரு படம் சொன்னால் போதும். ஒரே நிபந்தனை, அதை நீங்களே குறைந்தது மூன்று தடவையாவது கேட்டிருக்க வேண்டும், படித்திருக்க வேண்டும், பார்த்திருக்க வேண்டும். ஏன் திரும்பப் போனீர்கள், முதல் தடவை போகிறவனுக்கு எந்த இடத்தில் சலிக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நான் தமிழ் மீடியம், அப்புறம் டிப்ளமோ மெக்கானிக்கல். இதுவரை படித்தது ஊர் நூலகத்தில் எடுத்த சரித்திர நாவல்கள்தான்.

மேலமாசி_வீதி

தம்பி, நல்ல நிபந்தனை. இதை வைத்து என் அலமாரியைப் பார்த்தேன், பாதிக்கு மேல் ஒரு தடவையோடு நின்றவை. மிஞ்சியதில் மூன்றைச் சொல்கிறேன்.

இசை: இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்', 1986. சினிமாவுக்காகச் செய்ததில்லை, பாட்டு வரிகளும் கிடையாது, வயலின்களும் பக்கவாத்தியங்களும் மட்டும்தான். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கிற்கும் சேர்த்துச் சமர்ப்பணம் செய்திருக்கிறார். முதல் வயலின் வி.எஸ். நரசிம்மன். கல்லூரிக் காலத்தில் கேசட்டாக வாங்கினேன், முதல் தடவை கேட்டபோது இரண்டு வானொலி நிலையங்கள் ஒன்றாகப் பிடிப்பதுபோல இருந்தது. எடுத்து வைத்துவிட்டேன். ஒரு வருடம் கழித்து மின்சாரம் போன ஒரு மழை நாளில், பேட்டரி டேப்பில் அந்தக் கேசட்தான் கிடந்தது என்பதால் போட்டேன். அன்றைக்குத்தான் 'ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்' என்ற துண்டு காதில் விழுந்தது. பாக் தனி வயலினுக்கு எழுதியது ஒன்று ஓடிக்கொண்டிருக்கும், அதன் பக்கத்தில் நம் ஊர் வயலின் வந்து உட்கார்ந்து பேச்சுக் கொடுக்கும், அவர் பேசுவதை இவர் தடுப்பதில்லை. உங்களுக்குச் சலிக்கக்கூடிய இடம் முதல் இரண்டு துண்டுகள். அதனால் நான் சொன்னதில் ஆரம்பியுங்கள், அப்புறம் வரிசைக்குப் போகலாம்.

புத்தகம்: அசோகமித்திரனின் '18வது அட்சக்கோடு'. செகந்திராபாத் ரயில்வே குடியிருப்பில் இருக்கும் சந்திரசேகரன் என்ற பையன். கிரிக்கெட் ஆடுகிறான், சைக்கிளில் கல்லூரி போகிறான், வீட்டு வேலை பார்க்கிறான். அவனைச் சுற்றி நிஜாம் ஆட்சி முடியப்போகிறது, நிஜாமுக்காக ஆயுதம் ஏந்திய ரஜாக்கர்கள் வருகிறார்கள், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் நுழைகிறது. முதல் ஐம்பது பக்கம் ஒன்றுமே நடக்கவில்லை என்று தோன்றும், அங்கே விட்டுவிடாதீர்கள். அந்த ஐம்பது பக்கத்தில் கூட விளையாடியவன், பக்கத்து வீட்டுக்காரர், கல்லூரி வாசல் எல்லாம் சாதாரணமாக மனதில் பதிந்திருக்கும், பின்னால் அதே ஆட்கள் அதே இடங்களில் வேறு மாதிரி நிற்கும்போது வயிற்றைப் பிசையும். கடைசிப் பக்கத்தை யாரிடமும் கேட்காமல் நீங்களே படியுங்கள். அசோகமித்திரன் எங்கேயும் குரலை உயர்த்துவதில்லை. நான் ஐந்து தடவை படித்துவிட்டேன், அவர் எந்த வாக்கியத்தில் பயத்தை உள்ளே விட்டார் என்று இன்னும் தேடுகிறேன்.

படம்: பாலு மகேந்திராவின் 'வீடு', 1988. வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள். சுதா என்ற வேலைக்குப் போகும் பெண் தாத்தாவையும் தங்கையையும் வைத்துக்கொண்டு சொந்தமாக ஒரு சின்ன வீடு கட்டப் பார்க்கிறாள். கதை இவ்வளவுதான். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கிக்கொடுத்த படம். எனக்கு அதைவிட, தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதர். பாதி கட்டிய வீட்டைப் பார்க்கக் குடையோடு தனியாகக் கிளம்பிப் போவார். அந்தக் காட்சியை விவரிக்க மாட்டேன், பாருங்கள்.

ரீல்_பெட்டி

'வீடு' படத்தில் பாட்டே கிடையாது என்பதையும் சொல்லுங்கள் அக்கா. அந்த நாளில் அது பெரிய விஷயம். ராஜா அந்தப் படத்துக்காகப் போட்ட பின்னணி இசையைத்தானே பிறகு 'ஹவ் டு நேம் இட்' என்று தனித் தொகுப்பாக வெளியிட்டார்கள்?

மேலமாசி_வீதி

மாற்றிச் சொல்கிறீர்கள். தொகுப்பு 1986, படம் 1988. முதலில் வந்த இசையிலிருந்து பாலு மகேந்திரா தனக்கு வேண்டியதை எடுத்துப் படத்தில் வைத்தார். இதில்தான் எனக்கு ஆச்சரியம். வீடு என்ற எண்ணமே இல்லாமல் செய்த இசை, செங்கல்லும் சிமென்ட்டும் கிடக்கிற மனையில் அந்தக் கிழவர் சுவரைத் தொட்டுப் பார்க்கும்போது வருகிறது, அவருக்காகவே எழுதியதுபோல உட்காருகிறது. அதனால்தான் இரண்டையும் சேர்த்துப் பரிந்துரைத்தேன். தம்பி, இசையை முதலில் கேட்டுவிட்டுப் படத்துக்குப் போங்கள். மாற்றிப் போனால் இசையைக் கேட்கும்போதெல்லாம் தாத்தா மட்டும்தான் தெரிவார், மற்றதெல்லாம் மறைந்துவிடும்.

தம்புரா

பத்து வருடமாக வயலின் சொல்லிக்கொடுக்கிறேன். இசையில் ஒன்றும் புத்தகத்தில் ஒன்றும் சொல்கிறேன், மூன்று தடவை பார்த்த படம் என்று எனக்கு எதுவும் இல்லை.

மைல்ஸ் டேவிஸின் 'கைண்ட் ஆஃப் ப்ளூ', 1959. ஜாஸ் என்றாலே தலை சுற்றும் என்று ஒதுங்கியிருந்தவள் நான். ஒரு மாணவன் கொண்டுவந்து போட்டான். முதல் துண்டு 'சோ வாட்'. பாஸ் என்ற பெரிய தந்தி வாத்தியம் கேள்வி மாதிரி ஒரு வரி வாசிக்கும், மற்றவர்கள் இரண்டே ஸ்வரத்தில் பதில் சொல்வார்கள். கேட்டுக்கொண்டே இருக்கும்போது விரல் தானாக வயலினில் தேட ஆரம்பித்தது. பார்த்தால் நம் கரஹரப்ரியாவின் ஸ்வரங்கள்! அவர்கள் அதை டோரியன் என்கிறார்கள். மொத்தம் 32 தாள அளவு கொண்ட ஒரு சுற்று, முதல் பாதி முழுக்க ஒரே ஸ்வரக் கூட்டம், பிறகு எட்டு அளவுக்கு அரைக் கட்டை மேலே ஏறும், கடைசி எட்டில் பழைய இடத்துக்கு இறங்கும். இது தெரிந்தால் தொலைந்து போக மாட்டீர்கள். முதலில் மைல்ஸ் ட்ரம்பெட், அடுத்து ஜான் கோல்ட்ரேன், அப்புறம் கேனன்பால் ஆடர்லி, பிறகு பில் எவன்ஸின் பியானோ, ஒவ்வொருவரும் அதே இடத்துக்குள் நடக்கிறார்கள். மைல்ஸ் குறைவாக வாசித்து நிறைய விட்டுவிடுவார், கோல்ட்ரேன் இண்டு இடுக்கெல்லாம் நுழைந்து பார்ப்பார். ராகம் பாடுகிற இரண்டு வித்வான்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம் மாதிரி. நம் ராகத்தில் கமகம் உண்டு, இதில் அந்த அசைவு கிடையாது, ஆகவே இரண்டும் ஒன்று என்று சொல்லவில்லை. உள்ளே போக ஒரு கதவு என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

மொத்தத் தொகுப்பையும் மார்ச்சில் ஒரு நாள், ஏப்ரலில் ஒரு நாள் என்று இரண்டே அமர்வில் பதிவு செய்தார்கள். ஒத்திகை என்று பெரிதாக எதுவும் இல்லை. பில் எவன்ஸ் அந்த இசைத்தட்டின் உறையில் எழுதிய குறிப்பில் ஜப்பானிய ஓவிய முறை ஒன்றைச் சொல்கிறார். மெல்லிய தாளில் தூரிகை தயங்கி நின்றால் தாள் கிழிந்துவிடும், அழித்துத் திருத்த முடியாது. என் மாணவர்களுக்கு இதை அடிக்கடி சொல்வேன். சலிக்கும் இடம் என்றால் கடைசித் துண்டு, அதை இரவில் கேளுங்கள்.

புத்தகம் அம்பையின் 'வீட்டின் மூலையில் ஒரு சமையலறை'. தலைப்புக் கதையை மட்டும் முதலில் படியுங்கள். வடக்கே ஒரு பெரிய குடும்பம், தெற்கிலிருந்து போன மருமகள் மீனாட்சி. இருட்டுச் சமையலறையை இன்னும் கொஞ்சம் வசதியாக்கலாமே என்று கேட்கிறாள். அடுத்து என்ன நடக்கிறது என்றால், ஜன்னலுக்கு வெளியே துணி காயப்போடும் கொடி கட்டப்படுகிறது. இருந்த வெளிச்சமும் போகிறது. முதலில் கதையாகத்தான் படித்தேன். கல்யாணத்துக்குப் பிறகு இரண்டாம் தடவை படித்தபோது எழுந்து போய் எங்கள் வீட்டுச் சமையலறை ஜன்னலைப் பார்த்தேன், அதற்கு வெளியே என்ன இருக்கிறது என்று அதுவரை கவனித்ததே இல்லை.

புது_ரிலீஸ்

மரியாதையோடு ஒன்று கேட்கிறேன். 1959, 1986, 1988. இப்போது யாரும் ஒன்றும் செய்யவில்லையா? தம்பி இரவு ஷிப்ட் முடித்து வந்து உட்காருகிறவர். அவருக்கு இரண்டு மணி நேரம் மெதுவாக நகரும் படத்தைக் கொடுத்தால் தூங்கித்தான் போவார். நான் சொல்வது 'கூழாங்கல்', பி.எஸ். வினோத்ராஜ் இயக்கியது, 2021-இல் நெதர்லாந்தின் ராட்டர்டாம் திரைப்பட விழாவில் டைகர் விருது வாங்கியது. ஒன்றேகால் மணி நேரம்தான். குடிகார அப்பனும் சின்னப் பையனும் கொளுத்தும் வெயிலில் நடக்கிறார்கள். கோபித்துக்கொண்டு போன அம்மாவைக் கூட்டிவரக் கிளம்பியவர்கள். அப்பன் பேசுவதெல்லாம் கத்தல், பையன் பேசுவதே இல்லை, ஆனால் வழியில் அவன் செய்கிற சின்னச் சின்ன காரியங்களில் அவன் யாரென்று தெரிந்துவிடும். நாலு தடவை பார்த்திருக்கிறேன். கடைசியில் தண்ணீர் வரும் ஒரு காட்சி இருக்கிறது, அதற்காகவே.

மேலமாசி_வீதி

நியாயமான கேள்வி. எங்களுக்குத் திரும்பப் போகக் காலம் கிடைத்தவை பழையவை, அவ்வளவுதான். 'கூழாங்கல்' எனக்கும் பிடிக்கும். மேலூர்ப் பக்கத்து வெயில் அது, என் அம்மா ஊர் அங்கேதான். ஆனால் மெதுவான படம் தூங்க வைக்கும் என்பதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 'கூழாங்கல்'லும் மெதுவான படம்தான், நீங்கள் நாலு தடவை தூங்காமல் பார்த்திருக்கிறீர்களே.

புது_ரிலீஸ்

அது சரிதான் அக்கா. 'வீடு' இன்னும் பார்க்கவில்லை, இந்த ஞாயிறு பார்க்கிறேன்.

பினாங்கு_ஜெட்டி

மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். எனக்கு ஒரே புத்தகம்தான், மூன்று தடவை இல்லை, கணக்கே இல்லை. ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாம் உலகப் போர்க் காலம், ஜப்பான்காரன் சுமத்ராவின் மேடான் நகருக்குள் நுழைகிறான், அங்கிருந்து கதை தொடங்குகிறது. வட்டிக்கடையில் வேலை பார்க்கப் போன பாண்டியன் போருக்குள் இழுக்கப்படுகிறான். செட்டியார் கடைகளின் மேலாள், அடுத்தாள், பெட்டியடிப் பையன் எல்லோரும் அவரவர் பேச்சோடு வருகிறார்கள். எங்கள் தாத்தாவும் பெட்டியடிப் பையனாகத்தான் கப்பலேறி வந்தார். இங்கே வீட்டில் எல்லோரும் துண்டு துண்டாகச் சொன்ன அந்த உலகத்தை ஒருவர் முழுசாக எழுதி வைத்திருக்கிறார் என்பது எனக்கு முப்பது வயதில்தான் தெரியவந்தது. சுமத்ராவிலிருந்து பினாங்குக்குத் தொங்கான் என்ற பாய்மரக் கப்பலில் வரும் பயணத்தில் ஒரு புயல் அடிக்கும். அந்தப் பக்கங்களைக் கரையில் நின்று சத்தம் போட்டுப் படித்திருக்கிறேன். வாக்கியங்களே அலை மாதிரி எழும்பி விழும்.

சிங்காரம் எழுதியது இரண்டே நாவல்கள். போருக்குப் பிறகு மதுரைக்குத் திரும்பி தினத்தந்தியில் வேலை பார்த்தார், 1997-இல் காலமானார். இந்த நாவல் அச்சில் வர 1972 வரை காத்திருந்தது. வாழ்ந்த காலத்தில் அவருக்கு உரிய கவனம் கிடைக்கவில்லை. அதை நினைத்தால் இப்போதும் மனம் ஆறுவதில்லை.

கரிசல்

மிகப் பெரிய நாவல், சந்தேகமே இல்லை. ஆனால் தம்பிக்கு முதல் புத்தகமாகக் கொடுக்காதீர்கள். மலாய்ச் சொல், கப்பல் சொல், சங்கப் பாட்டை வைத்து விளையாட்டு, குடித்துவிட்டுத் தமிழ்ப் பெருமையைப் பற்றி நடக்கும் வாக்குவாதம், இவை எல்லாம் முதல் நூறு பக்கத்தில் ஒன்றாக வந்து மோதும். நான் இரண்டு தடவை பாதியில் விட்டவன், மூன்றாம் தடவைதான் பிடிபட்டது.

முதல் புத்தகம் என்றால் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்'. ஒரு கர்ப்பிணிப் பெண்ணைக் குளத்தில் வைத்து நகைக்காக ஒருவன் கொன்றுவிடுகிறான், அவள் அவன் கால் விரலைக் கடித்தபடி சாகிறாள். இப்படித் தொடங்கினால் யார் கீழே வைப்பார்கள்? அப்புறம் தெலுங்கு தேசத்திலிருந்து ஒரு கூட்டம் தெற்கே வந்து காட்டைத் திருத்தி ஊர் அமைத்த கதை. கி.ரா. இடைசெவல்காரர், எழுத்தில் உட்கார்ந்து பேசுகிற தொனி இருக்கும். எங்கள் பாட்டி உயிரோடு இருந்தபோது பாதிக் கதைகளை அவளுக்குப் படித்துக் காட்டினேன், "இது நம்ம ஊர்ல நடந்ததுல்ல" என்று ஒவ்வொன்றுக்கும் சொல்வாள்.

பினாங்கு_ஜெட்டி

ஒத்துக்கொள்கிறேன் அண்ணா. அப்படியானால் தம்பி அதை இரண்டாம் வருடத்துக்கு வைத்துக்கொள்ளட்டும், ஆனால் மறந்துவிட வேண்டாம். தொங்கான் பயணம் வரும் அத்தியாயத்தை மட்டும் தனியாக முதலில் படித்துப் பார்த்தாலும் தவறில்லை.

சாக்பீஸ்

தொடக்கப் பள்ளி ஆசிரியை. என்னுடையது அப்பாஸ் கியரோஸ்தமியின் 'நண்பனின் வீடு எங்கே', ஈரானியப் படம், 1987. அகமது என்ற பையன் தெரியாமல் பக்கத்தில் உட்காரும் நண்பனின் நோட்டையும் எடுத்து வந்துவிடுகிறான். நாளைக்கும் நோட்டில் எழுதாமல் வந்தால் பள்ளியை விட்டு அனுப்பிவிடுவேன் என்று வாத்தியார் அவன் நண்பனிடம் சொல்லியிருக்கிறார். நோட்டைக் கொடுக்க அடுத்த ஊருக்கு ஓடுகிறான், வீடு எது என்று தெரியாது. மலை மேல் வளைந்து வளைந்து ஏறும் பாதை, உச்சியில் ஒற்றை மரம். பெரியவர்கள் யாருமே அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பதில்லை, அம்மா முதற்கொண்டு. சண்டை இல்லை, வில்லன் இல்லை, ஆனால் என் நெஞ்சு அடித்துக்கொண்டது. மறுநாள் வகுப்பில் "நோட்டு எங்கே" என்று கேட்க வாய் வரவில்லை, "என்ன ஆச்சு, சொல்லு" என்று கேட்டேன். ஒவ்வொரு ஜூனிலும் பள்ளி திறக்கும் வாரத்தில் ஒரு தடவை பார்க்கிறேன்.

1990-இல் அந்தப் பகுதியில் பெரிய நிலநடுக்கம். படத்தில் நடித்த பையன்கள் உயிரோடு இருக்கிறார்களா என்று கியரோஸ்தமி தேடிப் போனதை வைத்து 1992-இல் இன்னொரு படம் எடுத்தார். முதல் படம் பிடித்தால் அதற்கும் போங்கள்.

கம்பம்மெட்டு

லெனின் பாரதியின் 'மேற்குத் தொடர்ச்சி மலை', 2018. இதை ஒருவர்கூடச் சொல்லவில்லையே என்று வந்தேன். எங்கள் ஊர்ப் படம் என்பதால் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பரவாயில்லை. ஏலக்காய் மூட்டையைத் தலையில் வைத்து மலை இறங்குகிற ரங்கசாமிக்கு ஒரு துண்டு நிலம் வாங்க ஆசை. அவ்வளவு சின்ன ஆசை. தேனி ஈஸ்வர் ஒளிப்பதிவு, இளையராஜா இசை. முதல் அரை மணி நேரம் ஆட்கள் மலை ஏறுகிறார்கள், டீ குடிக்கிறார்கள், ஊர்க்கதை பேசுகிறார்கள், வெளியூர்க்காரர்களுக்கு இங்கே கதை எப்போது ஆரம்பிக்கும் என்று இருக்கும். எங்களுக்கு அதுதான் கதை. என் ஆத்தா ஏலத்தோட்டத்துக்கு விடியும் முன் கிளம்பிப் போன பாதை அது, இப்போது ஜீப் போகிறது, அன்றைக்கு நடை. படத்தில் வழியில் உட்கார்ந்து மூச்சு வாங்குகிற ஒரு கிழவரைப் பார்த்ததும் ஆத்தா ஞாபகம் வந்து, இடைவேளையில் வெளியே போய் நின்றுவிட்டேன். கடைசிக் காட்சியில் கேமரா மேலே எழும்போது தெரிவதை இங்கே சொல்ல மாட்டேன்.

இசை என்று கேட்டால் 'கால் ஆஃப் த வேலி', 1967. சிவகுமார் சர்மா சந்தூர் என்ற தந்தி வாத்தியம், ஹரிபிரசாத் சௌராசியா புல்லாங்குழல், பிரிஜ் பூஷன் காப்ரா கிடார். காஷ்மீர் மேய்ப்பன் ஒருவனின் ஒரு நாள், விடியலில் தொடங்கி இரவில் முடியும். தம்பி, நைட் ஷிப்ட் முடிந்து விடியும் நேரத்தில் பஸ்ஸில் வரும்போது முதல் துண்டைக் கேளுங்கள். ஆஹிர் பைரவ் ராகம்.

ஓசூர்_ஷிப்ட்

இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மூன்று வாரமாக ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கிறேன், என்ன நடந்தது என்று சொல்கிறேன்.

கம்பம்மெட்டு அண்ணா, சொன்னபடியே கம்பெனி பஸ்ஸில் கேட்டேன். ஜன்னல் ஓரம், பனி. இப்போது நைட் வாரம் முழுக்க அதே துண்டுதான். 'சோ வாட்' இரண்டு தடவை கேட்டேன், அரைக் கட்டை ஏறும் இடம் இரண்டாம் தடவை பிடிபட்டது, பிடிபட்டதும் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது, ஆனால் அவர் தூங்கிக்கொண்டிருந்தார். '18வது அட்சக்கோடு' நூலகத்தில் கிடைத்தது, அறுபதாம் பக்கத்தில் இருக்கிறேன், அக்கா சொன்னதை நம்பித் தொடர்கிறேன்.

'வீடு' படத்தை ஓசூரில் பார்க்கவில்லை. விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது லேப்டாப்பை நாற்காலி மேல் வைத்து அப்பாவோடு பார்த்தேன். அப்பா கொத்தனார், முப்பத்தைந்து வருடமாக அடுத்தவர்களுக்கு வீடு கட்டுகிறார், எங்கள் வீடு இன்னும் ஓடு போட்டதுதான். கடக்கால் தோண்டும்போதே நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். சிமென்ட் திருடுகிற இடத்தில், "இப்படி ஒருத்தன்கிட்ட நானும் வேலை பார்த்திருக்கேன், ஒரு மாசம் கூலி நின்னுபோச்சு" என்றார். அதுவரை எங்களிடம் சொன்னதே இல்லை. சித்தாள் மங்கா பேசும்போதெல்லாம் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். அம்மாவும் சித்தாள் வேலைக்குப் போனவள்தான். தாத்தா குடையோடு மனைக்குப் போகும் காட்சியில் இசை வந்தது, அது எனக்கு ஏற்கெனவே தெரிந்த இசை. அப்பாவுக்குத் தெரியாது. தாத்தா சுவரைத் தொடும்போது அப்பாவின் கையும் லேசாக அசைந்ததைப் பார்த்தேன்.

படம் முடிந்து கொஞ்ச நேரம் யாரும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் அப்பா, "அந்தப் பெரியவர் வர்ற இடத்தை மறுபடி போடு" என்றார். போட்டேன். மறுநாள் நான் பஸ் ஏறும்போது, அடுத்த தடவை வரும்போது முழுசாக இன்னொரு தடவை பார்க்கலாம் என்று அவராகவே சொன்னார்.

சாக்பீஸ் அக்கா, அந்த ஈரானியப் படம் தமிழ் வரிகளோடு எங்கே கிடைக்கும்? ஊரில் தங்கை ஆறாவது படிக்கிறாள், அடுத்த தடவை அவளையும் சேர்த்து உட்கார வைக்க வேண்டும்.